கூட வந்தவர்களின் முக்காலி

அநீதி இழைக்கப்பட்டவள் பெயர் சுடர்விழி. இழைத்தவை எட்டு மோமோக்கள். இடம், தில்லியின் வடக்கு ஓரத்தில் யமுனைக் கரையை ஒட்டித் திபெத்தியர்கள் வந்து குடியேறிய சந்துகளில் ஒன்று. நாள், பிப்ரவரி மாதத்து வியாழக்கிழமை. பகல் பன்னிரண்டரை மணிக்கு, கடை நிறைய ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சாட்சிகளுக்குக் குறைவில்லாமல் நடந்தது. நடக்கவே இல்லை என்று ஒருத்தராவது மறுத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் மறுக்கவில்லை. நடந்தது சரிதான், அதில் அநீதி எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது அதனால்தான்.

வழக்கை முறையாக வைப்போம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான விவாதப் போட்டிக்குத் திருச்சியிலிருந்து இரண்டு பேரை அனுப்பியே ஆகவேண்டும் என்று துறைத்தலைவரிடம் மூன்று வாரம் மல்லுக்கட்டியவள் சுடர்விழி. அந்த இரண்டாவது ஆளாகத் தன் விடுதி அறைத்தோழி ஜெபராணியைத்தான் அனுப்பவேண்டும் என்று சொன்னவளும் அவள்தான். ரயிலில் முப்பத்தொன்பது மணிநேரம் சன்னலோரம் உட்கார்ந்து, நடு இருக்கையிலிருந்த ஜெபாவுக்கு வெளியே என்னென்ன தெரிகிறது என்று, இதோ கோதாவரி, இதோ நாக்பூர் ஆரஞ்சுத் தோட்டம், இதோ ஒரு எருமை என்று தொண்டை வறள வர்ணித்துக்கொண்டு வந்தவளும் அவள்தான். போட்டி மேடையில் பேசி இரண்டாம் பரிசு வாங்கியவள் அவள். ஊர் திரும்ப மீதியிருந்த நான்கு நாளில் எங்கெங்கே என்னென்ன சாப்பிடவேண்டும் என்று ஒன்பது பக்கத்துக்குப் பட்டியல் தயாரித்தவள் அவள். அந்தப் பட்டியலின் முதல் பக்கத்தில் முதல் வரியாக, இமயமலைக்காரர்களின் மோமோ, என்று எழுதி அடிக்கோடு போட்டவளும் அவளேதான். முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் கறியில் ஆரம்பிக்கக் கூடாது என்று ஜெபாவுக்கும் சேர்த்து முட்டைக்கோஸ் மோமோ சொன்னதுகூட அவள்தான். ஜெபா பக்கத்து மேசைக் கோழி மோமோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது.

தட்டு வந்தது. பாதி நிலா வடிவத்தில், வளைந்த ஓரம் முழுக்கப் புடவைக் கொசுவம் போல மடித்து மடித்து ஒட்டிய எட்டு மோமோக்கள், ஆவி பறக்க, ஒன்றோடொன்று முதுகைக் காட்டிக்கொண்டும் தோளில் சாய்ந்துகொண்டும் தாறுமாறாகக் கிடந்தன.

“சோமாசி மாதிரில்லா இருக்கு,” என்றாள் ஜெபா.

“சோமாசி பொரிக்கிறது. இது அவிக்கிறது. இதோட வரலாறு என்னன்னா…” என்று சுடர்விழி ஆரம்பித்தாள். வரலாறு லாசாவைத் தாண்டி காட்மாண்டுக்கு வந்து சேர்ந்திருக்காது, அதற்குள் தட்டில் அது நடந்தது. கண்ணைக் கூசும் ஒளி, பின்னணியில் மணியோசை என்று எதுவும் கிடையாது. ஒரே பாயில் படுத்த பிள்ளைகள் தூக்கத்தில் புரள்வார்களே, அந்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக எட்டும் புரண்டு, மடிப்பு ஓரத்தை ஜெபா இருந்த பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றன. நின்ற பிறகு பார்த்தால் அவை சோமாசி மாதிரியும் இல்லை, நிலா மாதிரியும் இல்லை. எட்டுக் காதுகள் மாதிரி இருந்தன.

சுடர்விழி தட்டைப் பிடித்து அரை வட்டம் சுழற்றினாள். எட்டும் திரும்ப ஜெபா பக்கமே புரண்டன. ஜெபாவை எழுப்பித் தன் இடத்தில் உட்காரவைத்துத் தான் அவள் இடத்தில் உட்கார்ந்தாள். மோமோக்களும் இடம் மாறிப் புரண்டன. பக்கத்து மேசையிலிருந்த கோழி மோமோக்களும் திரும்பியிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அதற்காகக் கோபிக்கவில்லை. ஜெபாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, திரும்பியிருந்த வாகிலேயே ஒன்றை எடுத்துக் கடித்தார்.

கடைக்காரி டோல்கர் மாவுக்கையோடு வந்து தட்டைப் பார்த்தாள், அடுப்பிலிருந்த ஆவிப்பாத்திரத்தின் மூடியைத் தூக்கி அடுக்கடுக்காகப் பார்த்தாள், வாசலுக்குப் போய்ச் சந்தைப் பார்த்து அவர்கள் மொழியில் ஏதோ ஒரு வரி குரல் கொடுத்தாள். தண்ணி வந்துவிட்டது என்று நம் தெருவில் குரல் கொடுப்பதற்கு மேல் அதில் உணர்ச்சி இல்லை. பிறகு சமையலறையிலிருந்து ஒரு முக்காலியைத் தூக்கி வந்து வாசலோரம் போட்டுத் துணியால் துடைத்தாள்.

“நீங்க இங்க உக்காருங்கக்கா,” என்றாள் சுடர்விழியிடம், சுத்தமான திருச்சித் தமிழில்.

“தமிழ் தெரியுமா உங்களுக்கு?”

“பதினாலு வருசம், குளிர்காலம் முழுக்க, திருச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஸ்வெட்டர் வித்திருக்கேன். உங்க ஊர்ல குளிரே கெடையாது. ஆனாலும் வாங்குவாங்க, பேரம் பேசுறதுக்காகவே வாங்குவாங்க. உக்காருங்கக்கா.”

“நான் ஏன் அங்க உக்காரணும்? என் நாற்காலி இங்க இருக்கு.”

“கூட வந்தவங்க இங்கதான் உக்காருவாங்க.”

கூட வந்தவங்க! கூட்டி வந்தவளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னாள் டோல்கர். சுடர்விழி அந்த முக்காலியைப் பார்த்தாள். எத்தனையோ வருடமாக எத்தனையோ பேர் பொறாமையில் நெளிந்து நெளிந்து உட்கார்ந்ததில் நடுப்பலகை குழிந்து வழவழவென்றிருந்தது. மூன்று கால்களில் ஒன்று மட்டும் கொஞ்சம் குட்டை, ஆகவே யார் உட்கார்ந்தாலும் ஆடும். ஆடட்டும் என்றுதான் அதைச் சரிசெய்யாமல் விட்டிருந்தார்கள். அதில் உட்காருகிறவர்களுக்கு வெண்ணெய்த் தேநீர் கேட்காமலே வரும், உப்பு ஒரு சிட்டிகை கூடுதலாக. அவர்களுக்கு வாய் எப்படியும் கசந்துதான் இருக்கும் என்பது அந்தச் சந்தின் அனுபவம்.

ஆச்சரியப்பட்டவர்கள் அந்தச் சந்தில் யாருமே இல்லை என்பதைத்தான் சுடர்விழியால் தாங்க முடியவில்லை. பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை மோமோ யார் பக்கமாவது திரும்பும், அவர்களைத் திசைக்காரர் என்று சொல்வார்கள், திசைக்காரர் சந்தில் இருக்கிறவரை எந்த அடுப்பிலும் ஒரு மோமோகூட வாய் பிளந்து சாறு ஒழுகாது, மாவு கைக்கு அடங்கும், மடிப்பு தானாக விழும், அவ்வளவுதான் விஷயம். ஏன் திரும்புகிறது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். மோமோவுக்கு அந்த ஓரம் மூக்கு என்றார் கம்பளிக் கடைக்காரர். காது என்றார்கள் வயதான பெண்கள். கசாப்புக் கடைக்காரர், தொப்புள் என்று சாதித்தார். ஆனால் மழை ஏன் பெய்கிறது என்பதைவிடக் கொடியில் கிடக்கும் துணியை யார் எடுப்பது என்பது முக்கியம் இல்லையா, அப்படி அவர்கள் அன்று சாயங்காலத்துக்குள் ஆகவேண்டியதைப் பார்த்தார்கள்.

சந்துச் சங்கத்தின் செயலாளர் நவாங் பஸ் டிக்கெட் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருப்பவர். அவர் ஒரு பழைய அறிவிப்பு அட்டையைத் தூசி தட்டி எடுத்துச் சந்தின் புத்தர் கோயில் முற்றத்துச் சுவரில் மாட்டினார். திசைக்காரர் காலை பதினோரு மணிக்கு முன் சந்தின் நடுவில் நடமாட வேண்டாம், அவிந்துகொண்டிருக்கும் அடுக்குகள் ஒருபக்கமாகச் சாய்கின்றன, என்று அதில் மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. அதன்பின் ஒவ்வொரு கடைக்காரரும் தங்கள் கடையில் அடுப்பு எந்த மூலையில் இருக்கிறது, திசைக்காரி இருக்கும் டோல்கர் கடை எந்தப் பக்கம் என்று கணக்குப் பார்த்து அடுப்பைத் தள்ளிவைத்தார்கள். அடுப்பைத் தள்ள முடியாத இரண்டு பேர் வாசலை மாற்றிவைத்தார்கள். வெள்ளைப் பட்டுத் துண்டுகளோடு வந்து ஜெபாவின் கழுத்தில் போட்டுவிட்டுப் போனவர்கள் யாரும் அவளிடம் வரம் கேட்கவில்லை, கைரேகை காட்டவில்லை, குறி கேட்கவில்லை. வந்தார்கள், எதிரே கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்தார்கள், அவள் ஏதாவது சொல்வாளா என்று பார்த்தார்கள், சொல்லாவிட்டால் சரி என்று எழுந்து போனார்கள். ஜெபாவும், “சாப்ட்டீங்களா?” என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அதை டோல்கர் மொழிபெயர்த்தபோது கூட்டம் அதைப் பெரிய சொற்பொழிவு மாதிரி கேட்டுக்கொண்டது.

“இவ என்னங்க சொல்லிட்டா இப்போ?” என்றாள் சுடர்விழி முக்காலியிலிருந்து.

“ஒண்ணும் சொல்லலக்கா.”

“அப்புறம் என்னத்தக் கேக்குறாங்க?”

“இன்னும் சொல்லாததத்தான்,” என்ற டோல்கர், மாவைப் பிசையப் போய்விட்டாள்.

கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருந்தது. அங்கே பதினொரு வருடம் இருந்தவர் முந்திய திசைக்காரர், மீரட்டிலிருந்து அண்ணனோடு மோமோ சாப்பிட வந்த கடிகாரக்காரர் ராம்பால். அண்ணன் மட்டும் ஊருக்குப் போய், வருடத்துக்கு ஒருமுறை வந்து இந்த முக்காலியில் உட்கார்ந்து, தேநீர் குடித்து, கத்திவிட்டுப் போவாராம். பதினோராவது வருடம் ஒரு புதன்கிழமை, ராம்பால் அண்ணனைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அது என்ன என்று சந்தில் யாரும் வெளியாட்களிடம் சொல்லமாட்டார்கள், அது அவங்க வீட்டு விஷயம். சின்ன வாக்கியம்தான், அண்ணன் முதலில் சிரித்தார், அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டார் என்பதுவரைக்கும் சொன்னார்கள். அந்த நிமிடமே சந்திலிருந்த மோமோக்கள் எல்லாம் அவரவர் இஷ்டத்துக்குப் புரண்டு படுத்துக்கொள்ள, அண்ணனும் தம்பியும் ஒரே ரிக்‌ஷாவில் ஏறிப் போனார்கள்.

அந்த அறையை ஜெபாவுக்குக் கொடுப்பதாக வெள்ளிக்கிழமை காலையில் நவாங் வந்து சொன்னார். லோசார் என்கிற அவர்களுடைய புத்தாண்டு பத்து நாளில் வருகிறது, வீட்டுக்கு வீடு ஆயிரக்கணக்கில் மோமோ மடிப்பார்கள், திசைக்காரி இருந்தால் எல்லாருக்கும் நல்லது, இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை, போகவேண்டும் என்றும் கட்டாயமில்லை. பெரிய அறை இல்லை. ஒரு கட்டில், ஒரு கம்பளி, யமுனையைப் பார்த்த ஒரு சன்னல்.

ஜெபா மாடிக்குப் போய் அந்தச் சன்னலோரம் உட்கார்ந்தாள். வெள்ளி முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி பண்ற அங்க?” என்று சுடர்விழி படியேறி வந்து கேட்டாள்.

“பாக்கேன்.”

“என்னத்த?”

“வெளியத்தான்.”

“ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு ரயிலு. ஞாபகம் இருக்குல்ல?”

“இருக்கு.”

“வருவல்ல?”

சுடர்விழி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “அதான, வராம என்ன,” என்று அவள் பதிலையும் தானே சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

போனவள் நேரே போனது எதிர்க் கடைக்கு. நியாயம் கேட்கும் உரிமை யாருக்கும் உண்டு. ஒரு தட்டு வாங்கி, மேசையில் வைத்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஏழு நிமிடம், போட்டி விதிப்படி, மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி, அந்த எட்டு மோமோக்களிடமும் பேசினாள். உழைப்பு, வாசிப்பு, முன்முயற்சி, தலைமைப் பண்பு என்று நான்கு தலைப்பு. நல்ல பேச்சு. அந்த மாதிரிப் பேச்சுக்குத் தமிழ்நாட்டின் எந்த அரங்கத்திலும் கடைசி வரிசைவரை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். மோமோக்கள் டோல்கர் கடையின் மாடியைப் பார்த்துக்கொண்டு கிடந்தன.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த எட்டையும் தின்றாள். பசிக்காகத் தின்றால் ருசி தெரிந்திருக்கும், பழிக்காகத் தின்றதால் தெரியவில்லை. பிறகு இன்னொரு கடையில் ஆறு, கோழி. கோயில் முற்றத்தில் ஒரு தள்ளுவண்டியில் ஐந்து, அது எது என்றுகூடக் கேட்கவில்லை. மிளகாய்த் துவையலில் முக்கி முக்கி, காதைக் கடிக்கிற மாதிரி ஓரத்திலிருந்து கடித்துக் கடித்து, ஆக மொத்தம் பத்தொன்பது மோமோக்களைத் தின்று முடித்து, முக்காலிக்கு வந்து உட்கார்ந்து ஒரு வாய் தேநீர் குடித்தபோது, வயிற்றுக்குள் அவை திரும்பின.

வலி இல்லை. ஆனால் தெரிந்தது. பத்தொன்பதும் ஒரே நேரத்தில் உள்ளே புரண்டு மேலே மாடியைப் பார்த்தன. மாடியில் ஜெபா கட்டிலிலிருந்து எழுந்து மறுபக்கம் போனாள் போலிருக்கிறது, பத்தொன்பதும் அந்தப் பக்கம் நகர்ந்தன. ஜெபா கீழே இறங்கி வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, இவளைத் தாண்டி ஆற்றங்கரைப் பக்கம் நடந்தபோது சுடர்விழிக்கு வயிறு ஆற்றங்கரைப் பக்கம் இழுத்தது. கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருப்பாள், இப்போது ஜெபா படிக்கட்டில் நிற்கிறாள், இப்போது யாரோடோ போகிறாள், இப்போது திரும்பிப் பார்க்கிறாள் என்று. மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தபோது ஒருநாள்கூட அவளுக்கு ஜெபா எங்கே இருக்கிறாள் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததில்லை. தெரிந்துகொள்ளத் தேவைப்பட்டதும் இல்லை. ஜெபா எப்போதும் இடதுபக்கம் இருப்பாள்.

“உள்ள திரும்புதா?” என்றாள் டோல்கர், முகத்தைப் பார்த்தே.

“எப்பிடித் தெரியும்?”

“கூட வந்தவங்க எல்லாருமே பண்ற வேலதான் இது. ராம்பாலோட அண்ணன் நாப்பது தின்னாரு.”

அது இன்னும் கேவலமாக இருந்தது. தன்னுடைய பொறாமையாவது தன்னுடையதாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

“அக்கா, நான் முறையா மனு குடுக்கணும். இந்த மோமோங்க என் பக்கம் ஏன் திரும்பலன்னு எனக்குப் பதில் வேணும். யார்கிட்ட குடுக்கணும்?”

“ஞாயித்துக்கெழம மத்தியானம் முற்றத்துல கேளுங்க. முக்காலில உக்காந்தவங்களுக்கு ஒரு கேள்வி உண்டு. ஒண்ணே ஒண்ணு. சந்தே வந்து நிக்கும். திசைக்காரிதான் பதில் சொல்லணும், வேற யாரும் வாயத் தொறக்கக் கூடாது.”

“ஒரு கேள்விதானா? துணைக்கேள்வி?”

“ஃபிக்சட் ரேட்டுக்கா. பேரம் கெடையாது.”

சனிக்கிழமை முழுக்கச் சுடர்விழி எழுதினாள். பதினான்கு பக்கம். முன்னுரை, வாதம், எதிர்வாதம், எதிர்வாதத்துக்கு மறுப்பு, முடிவில் அந்த ஒரு கேள்வி. சந்து முழுக்க அன்று பெண்கள் வாசலில் உட்கார்ந்து மோமோ மடித்தார்கள். ஜெபா அவர்களோடு உட்கார்ந்து, சிறுவயதில் தூத்துக்குடியில் கிறிஸ்துமஸுக்குச் சோமாசி மடித்த கைப்பழக்கத்தில், அவர்களைவிட நெருக்கமாகக் கொசுவம் வைத்தாள். அவள் ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். பாஷை தெரியாதவர்களிடம் ஜெபா நகைச்சுவை சொல்கிறாள்! தன்னிடம் அவள் கடைசியாக எப்போது நகைச்சுவை சொன்னாள் என்று சுடர்விழி யோசித்தாள், சொல்ல ஆரம்பித்ததெல்லாம் ஞாபகம் வந்தது, முடித்தது எதுவும் ஞாபகம் வரவில்லை. வயிற்றில் பத்தொன்பதும் அந்தச் சிரிப்பின் பக்கம் திரும்பி நின்றன. பேனாவைக் கடித்துக்கொண்டு அவளும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கோயில் முற்றம் நிறைந்தது. கடைக்காரர்கள் அடுப்பிலிருந்து ஆவிப்பாத்திரங்களைத் தூக்கி வந்து வரிசையாக வைத்து மூடியைத் திறந்தார்கள், அவையும் சாட்சிகள் அல்லவா. நூற்றுக்கணக்கான மோமோக்கள் அடுக்கடுக்காக, ஆவிக்கு நடுவே, ஒரே பக்கம் ஓரத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தன. அந்தப் பக்கத்தில், போதி மரத்தடி மாதிரி எதுவும் அங்கே கிடையாது, ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்து நிறைய வெள்ளைத் துண்டுகளோடு ஜெபா உட்கார்ந்திருந்தாள். எதிரே முக்காலி. பக்கத்தில் மொழிபெயர்க்க டோல்கர். சுடர்விழியின் இரண்டு பைகளும் காலடியில் தயாராக இருந்தன. ஜெபாவின் பை மாடியிலேயே இருந்தது.

சுடர்விழி எழுந்து நின்றாள்.

“அவையோரே! உணவு என்பது நடுநிலையானது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஆனால் கடந்த மூன்று நாட்களாக இந்தச் சந்தில் உணவு ஒரு சார்பு எடுத்திருக்கிறது. தேடி வந்தவளை விட்டுவிட்டு, உடன் வந்தவளை அது தேர்ந்தெடுத்திருக்கிறது. எந்த அளவுகோலின்படி? எந்த விதியின்படி? எந்த நீதியின்படி?” என்று ஒரே மூச்சில் ஒன்றரைப் பக்கம் முடித்துவிட்டு மொழிபெயர்ப்புக்காக நிறுத்தினாள்.

டோல்கர் நான்கே நான்கு சொற்கள் சொன்னாள்.

“அவ்வளவுதானா? நான் எவ்வளவு பேசினேன்!”

“அவ்வளவுதான்கா. ‘இந்தப் பொண்ணுக்கு வயிறு எரியுது.’ மேல சொல்லுங்க.”

கூட்டம் பரிவாகத் தலையாட்டியது. சுடர்விழி இரண்டாம் பக்கத்துக்குப் போனாள். முதல் வாதத்தின் உச்சிக்கு வந்தாள். அந்த இடத்தில்தான் எந்த மேடையிலும் அவளுடைய இடதுகை தானாக நீளும், நீண்டதும் விரலிடுக்கில் ஒரு துண்டுச்சீட்டு வந்து உட்காரும், அதில் ஜெபாவின் சின்ன சின்ன எழுத்தில் இரண்டு வரி இருக்கும், அந்த இரண்டு வரியைத் தன் குரலில் ஏற்றிச் சொன்னதும் அரங்கம் கைதட்டும். மூன்று வருடமாக நடப்பது. மூச்சுவிடுவதை யாரும் குறித்துவைப்பதில்லை, இதையும் அவள் குறித்துவைத்ததில்லை. இப்போதும் கை நீண்டது. நீண்ட கை நீண்டபடியே நின்றது. இடதுபக்கம் வெறும் காற்று இருந்தது, அவிந்த மாவின் வாசனையோடு.

அவள் கையை மடக்கவில்லை. மறந்துவிட்டாள். பதினான்கு பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தாள், எழுதியபோது மலையாக இருந்தது இப்போது வெறும் சத்தமாக இருந்தது. தனக்கு உரிய ஒரு கேள்வியை அவள் பார்த்தாள், கடைசிப் பக்கத்தில், இரட்டை அடிக்கோட்டோடு: இவை ஏன் என் பக்கம் திரும்பவில்லை? அதைக் கேட்டால் அதற்கு ஒரு பதில் கிடைக்கும். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு நாலு மணி ரயிலில், சன்னலோரத்தில், யாரிடமும் எதையும் வர்ணிக்காமல், முப்பத்தொன்பது மணிநேரம் போகலாம். வயிற்றுக்குள் பத்தொன்பதும் முட்டிக்கொண்டு நின்றன, அவளுக்கும் ஒரு கூட்டம் கிடைத்ததுபோல, ஆனால் அவையும் அவளைக் கேட்பதற்காக நிற்கவில்லை. இந்த மோமோக்கள்மேல் தனக்கு என்ன கோபம் என்று அப்போதுதான் அவளுக்குச் சரியாக விளங்கியது. அவை தன் பக்கம் திரும்பாதது இரண்டாவது குற்றம். முதல் குற்றம், மூன்றே நாளில், கையும் காலும் இல்லாத வெறும் மாவு உருண்டைகள், இவள் மூன்று வருடத்தில் ஒருதடவைகூடத் திரும்பாத பக்கம் திரும்பிவிட்டதுதான்.

“ஜெபா,” என்றாள். குரலில் அவையோர் யாரும் இல்லை. “நீ வர்றியா, வரலியா?”

டோல்கர் அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

சுடர்விழிக்கு ஒரு பழக்கம் உண்டு, கேள்வி கேட்டால் மூன்று நொடிக்குள் தானே பதிலும் சொல்லிவிடுவாள். மூன்று நொடி ஆனது. வாய் திறந்தது. திறந்த வாயை அவள் கைக்குட்டை வைத்துப் பொத்திக்கொண்டாள், அதைப் பார்த்துச் சந்தின் வயதான பெண்கள் ஒருத்தரையொருத்தர் இடித்துக்கொண்டார்கள். ஒரு நிமிடம் ஆனது. அடுக்குகளில் ஆவி அடங்கியது. கம்பளிக் கடைக்காரர் தும்மலை அடக்கினார். நவாங் மணியைப் பார்க்கவில்லை. மோமோக்கள் எல்லாம், ஓரம் இன்னும் கொஞ்சம் விரிந்து, அந்த நீல நாற்காலியை நோக்கிச் சாய்ந்தன. சுடர்விழி ஆடுகிற முக்காலியில் உட்கார்ந்து, கால் ஊன்றி அதை ஆடாமல் பிடித்துக்கொண்டு, பொத்தின கையை வாயிலிருந்து எடுக்காமல், வாழ்க்கையில் முதல்முறையாகக் காத்திருந்தாள்.

ஜெபா கழுத்திலிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து மடியில் வைத்தாள். கடைசித் துண்டையும் மடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“சன்னலோரம் எனக்கு வேணும்ட்டி,” என்றாள். “வெளிய என்ன தெரியுதுன்னு நீ சொல்லாத. நானே பாத்துக்கிடுதேன்.”